வெந்நீர்ப் பதம்

பெட்டி உறுமிக்கொண்டே இருக்கிறது. இவரால் மட்டும் எழுந்து உட்கார முடிந்திருந்தால், முதல் வேலையாகக் காதை வைத்துக் கேட்டுவிட்டு, கம்ப்ரசர் போகப்போகுது, எவன்ட்ட எடுத்தீய இத, என்று கேட்டிருப்பார். மின்வாரியத்தில் லைன்மேனாகச் சேர்ந்து ஃபோர்மேனாக ரிட்டையர் ஆனவர். பக்கத்து வீட்டு மிக்சி பாடினால் அதற்கு என்ன வியாதி என்று ஈசிச்சேரில் படுத்தபடியே சொல்வார். அவரைத்தான் இப்போது ஒரு ஐஸ் பெட்டிக்குள் படுக்க வைத்து, கண்ணாடி மூடியைப் போட்டு, சுவரில் பிளக்கைச் செருகியிருக்கிறார்கள். கால்மாட்டில் பெட்டிக்காரரின் ஃபோன் நம்பர் பெரிதாக ஒட்டியிருக்கிறது, இருபத்துநாலு மணிநேரச் சேவையாம். கொழுந்தன் மனைவி ஜாய்ஸ் ஒரு துண்டை வைத்துக்கொண்டு அடிக்கொருதரம் கண்ணாடியைத் துடைக்கிறாள். ஆவி உள்பக்கம் படிந்திருக்கிறது, வெளியே துடைத்து என்ன செய்ய. சொன்னால் அந்தப் பிள்ளை வருத்தப்படும், துடைத்துவிட்டுப் போகட்டும். ஃப்ரிட்ஜ் தண்ணீரை வாயில் வைக்காத மனுஷன் இவர். சித்திரை வெயிலில் கம்பத்தின் மேலே நின்றவருக்கு மார்கழி பிறந்தால் மப்ளர் வேண்டும், ஃபேனை ஒன்றுக்கு மேல் வைத்தால் சண்டை. பாளையங்கோட்டையில் மப்ளர் கட்டுகிற ஒரே ஆள் நீங்கதான் என்று நான் எத்தனை கேலி செய்திருக்கிறேன். அந்த ஆளை ஃப்ரிட்ஜுக்குள் வைத்திருக்கிறது, நான் பக்கத்தில் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்திருக்கிறேன், அழுகை வரவில்லை. வாயில் கர்த்தருக்கு நன்றி சொல்கிற ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்றுதான் வருகிறது. யாருக்காவது கேட்டால் மூளை குழம்பிப்போச்சு என்பார்கள். நான் உதட்டை மூடிக்கொண்டு உள்ளேயே சொல்லிக்கொள்கிறேன்.

விடியும்போது ஆஸ்பத்திரியில் போய்விட்டார். கஷ்டப்படவில்லை, அதற்கு ஒரு ஸ்தோத்திரம். கடைசியாகக் கேட்டது போர்வை. நான்தான் போர்த்தினேன், அதற்கும் ஒன்று. அப்புறம் என்னை வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள், நீங்க இருங்கம்மா, நாங்க பாத்துக்கிடுதோம் என்றார்கள். கதவு திறந்தபோது துடைத்து, மூக்கில் பஞ்சு வைத்து, தாடையைக் கட்டி, வெள்ளைத் துணியில் சுற்றி முடித்திருந்தது. வேனில் ஏற்றியதும் அவர்கள்தான், பெட்டியில் வைத்ததும் அவர்கள்தான். என் கொழுந்தன் தங்கையா கெட்டிக்காரன், அண்ணன்மேல் உயிர். காலையிலிருந்து ஃபோனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. பந்தல், அத அவங்க பாத்துக்குவாங்க மைனி. பூ, அவங்க பாத்துக்குவாங்க. சாப்பாடு, வீடியோவில் நேரலை, சவப்பெட்டி, எல்லாவற்றுக்கும் அதுவே பதில். யார் அந்த அவங்க? இத்தனை வருஷம் இந்த மனுஷனைப் பார்த்துக்கொண்டது நானல்லவா, பிரஷர் மாத்திரை நான், முதுகு தேய்த்தது நான், நகம் வெட்டியது நான். பார்த்துக்கொள்வதற்கு இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிற நேரத்தில் என்னைச் சேரில் உட்கார வைத்துவிட்டார்கள். கோபம் இல்லை, அவர்கள் நல்லதுக்குத்தான் செய்கிறார்கள். கை மட்டும் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. புடவைத் தலைப்பைச் சுருட்டுகிறது, விரிக்கிறது, திரும்பச் சுருட்டுகிறது.

மகன் ஜெபசிங் கனடாவில் இருக்கிறான். டிக்கெட் கிடைத்து வந்து சேர சனிக்கிழமை ஆகும். அதுவரைக்கும் இந்தப் பெட்டி தாங்காது, கரண்ட் போனால் ஆபத்து, அதனால் மருந்து ஏற்றி வைத்துவிடலாம் என்று தங்கையாவும் அவனும் ஃபோனில் முடிவு செய்துவிட்டார்கள். மருந்துக்காரர் மதியத்துக்கு முன்னால் வருகிறார். எம்பாமிங், மைனி, பயப்பட ஒண்ணுமில்ல, அண்ணன் தூங்குத மாதிரியே இருப்பாவ, சனிக்கிழம வரைக்கும் ஒரு மாத்தமும் தெரியாது. சரி தம்பி என்று நானும் தலையாட்டினேன். அப்புறம் சபையிலிருந்து வந்த ஒரு ஐயா, பதப்படுத்துறதா முடிவு பண்ணியாச்சா, நல்லது, மகன் வரணும்லா, என்று கேட்டார். அப்போது பிடித்துக்கொண்டது. பதப்படுத்துவது. மீனைப் பதப்படுத்துகிறார்கள், தோலைப் பதப்படுத்துகிறார்கள். பதம் என்று எங்கள் வீட்டில் புழங்கிய வார்த்தை வேறு. கிறிஸ்மஸ் வந்தால் முந்திரிக்கொத்துக்குப் பாகு காய்ச்சுவேன். இவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் பாகைச் சொட்டு விட்டு, விரலால் உருட்டிப் பார்ப்பார். பதம் வந்துட்டு புஷ்பம், இறக்கு, இறக்கு, என்று கத்துவார். இருங்க, இன்னும் ஒரு கொதி வரட்டும் என்பேன். ஒரு கொதி தப்பினா கல்லாயிரும்ட்டி, நாளைக்கு எவன் பல்லு ஒடையும், என்பார். எனக்குத் தெரிந்த பதம் அதுதான். சரியான நேரத்தில் இறக்குவது. இறக்க வேண்டியதை இறக்காமல் அடுப்பிலேயே வைத்திருப்பதற்கு இந்த வார்த்தையை யார் எடுத்து வைத்தார்கள் என்று தெரியவில்லை.

செல்லையா அண்ணாச்சிக்கு அப்படித்தான் செய்தார்கள், இவரோடு வேலை பார்த்தவர், பிள்ளைகள் மூன்று தேசத்தில். போன வருஷம். நாங்கள் இரண்டு பேரும் போயிருந்தோம். கோட் சூட் போட்டு, கன்னத்தில் ரோஸ் பவுடர், உதடு சிவப்பாக, கண்ணாடிகூடப் போட்டுவிட்டிருந்தார்கள். நன்றாகத்தான் இருந்தார். நன்றாக இருந்ததுதான் பிரச்சினை. வெற்றிலை போட்டுக் கறுத்த உதடு எங்கே, முன்நெற்றியில் கம்பி கீறின தழும்பு எங்கே, மேலே என்னத்தையோ பூசி மூடிவிட்டிருந்தார்கள். ஒரு மருந்து வாடை வேறு, மல்லிகையை மீறிக்கொண்டு. வரும் வழியில் ஆட்டோவில் இவர் தன் கன்னத்தையே தடவிக்கொண்டு வந்தார். பாலத்தைத் தாண்டினதும், செல்லையாவ பாக்கப் போனோம், பாக்கலியே புஷ்பம், என்றார். அவ்வளவுதான் சொன்னார். எனக்குச் செய்யாதே என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு வேலை சுலபம், அவுங்க சொல்லிட்டுப் போயிருக்காவ என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பேன். அந்தப் பேச்சே எடுக்க மாட்டார். சாவைப் பற்றிக் கேட்டால், அப்ப நான் இருக்க மாட்டேன்லா, ஒன் இஷ்டம், என்று சிரிப்பார். என் இஷ்டம் என்று ஒன்று இப்போது கேட்பார் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறது. நான் சின்னவளாயிருந்தால் தைரியம் வந்திருக்கும். நேற்றுவரை எனக்கு முன்னால் பேச ஒரு ஆள் இருந்தார், அந்தப் பழக்கம்.

ரத்தத்தை எடுத்துவிட்டுத்தான் மருந்தை ஏற்றுவார்களாம். ஜாய்ஸ் சொன்னாள், அவளுடைய பெரியப்பாவுக்குச் செய்தபோது கேட்டிருக்கிறாள். நான் கேட்டேன், எடுத்த ரத்தத்த எங்கட்டி ஊத்துவாங்க? தெரியலக்கா, அவங்க பாத்துக்குவாங்க, என்றாள். அதிலேயே மாட்டிக்கொண்டேன், வெளியே வர முடியவில்லை. சாக்கடையா? வாளியா? அந்த ரத்தத்தை எனக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் கம்பி கிழித்துக் கை நிறைய ரத்தத்தோடு வந்து நின்றார், காப்பிப் பொடியை வைத்து அமுக்கி என் சேலையைக் கிழித்துக் கட்டினேன். ஆஸ்பத்திரிக்கு வாங்க என்றால் மாட்டேன் என்றார், ஊசி போட்டுருவான். பதினோராயிரம் வோல்ட் லைனைப் பார்த்துப் பயப்படாதவர், ஊசியைக் கண்டால் அவ்வளவு பயம். ஜெபாவை நாய் கடித்தபோது அப்படித்தான், பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். பிள்ளை கல் மாதிரி உட்கார்ந்து ஊசியை வாங்கிக்கொண்டான், நர்ஸ் மருந்தை உறிஞ்சுவதைப் பார்த்த அப்பா தடால் என்று விழுந்தார். நாய் கடித்தது பிள்ளையை, சோடா உடைத்தது அப்பாவுக்கு. நினைத்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு சிரித்தேன், தலைப்பால் வாயை மூடிக்கொண்டேன், அழுகிறாள் என்று நினைத்து ஜாய்ஸ் முதுகைத் தடவினாள். இப்படி ஒரு பயந்தாங்கொள்ளியை எனக்குக் கொடுத்ததற்கு ஸ்தோத்திரம். ஆனால் இது சிரிக்கிற விஷயம் இல்லை, அந்த ஆளுக்குத்தான் ஊசியோடு ஒருவர் பஸ் ஏறி வந்துகொண்டிருக்கிறார். இன்னொரு பக்கம் என் பிள்ளை. அவனுக்கு அப்பா முகம் வேண்டாமா? நான் தடுத்தால் கடைசிவரை அவன் மனதில் அது கிடக்கும், அம்மா காட்டவில்லை என்று. பெற்றவள் செய்கிற காரியமா. பயமாக இருக்கிறது. எந்தப் பக்கம் யோசித்தாலும் யாரோ ஒருத்தருக்குத் துரோகம் செய்கிற மாதிரி இருக்கிறது.

என் அம்மா இந்த வீட்டில்தான் இறந்தாள். குளிப்பாட்ட வேண்டும் என்று பெண்கள் எல்லாரும் சேர்ந்து நிற்கிறோம், தண்ணீர் வரவில்லை. என்ன தாமதம் என்று போய்ப் பார்க்கிறேன், இவர் அடுக்களையில் பெரிய குண்டானை வைத்து வெந்நீர் போட்டுக்கொண்டிருக்கிறார். கையை விட்டுப் பார்க்கிறார், சூடு பத்தாது என்று மறுபடி தீயைக் கூட்டுகிறார். செத்தவளுக்கு எதுக்குங்க வெந்நீர், என்று கேட்டேன். அத்தைக்குப் பச்சத்தண்ணி ஆகாதுல்லா, என்றார். ஏதோ அம்மா கேட்டு அனுப்பின மாதிரி. ஊரே சிரித்தது, இப்படி ஒரு மருமகன். எனக்கு அன்றைக்கு அம்மா போனதைவிட, இந்த மனுஷன் கையில் நான் விழுந்திருக்கிறேனே என்பதுதான் பெரிதாக இருந்தது. ஒருநாள்கூட அதை இவரிடம் சொன்னதில்லை. சொன்னால் வெட்கப்பட்டு ஈபி ஆபீஸ் பேச்சை எடுப்பார். நானும் வேறு பேச்சுக்குப் போய்விடுவேன். இப்போது சொல்லலாம் என்றால் நடுவில் கண்ணாடி. கண்ணாடியில் ஆவி.

சத்தம் நின்றுவிட்டது. முதலில் என் காதுதான் அடைத்துவிட்டது என்று நினைத்தேன். இல்லை, பெட்டி நின்றுவிட்டது. ஃபேன் ஓடுகிறது, லைட் எரிகிறது, அப்படியானால் கரண்ட் போகவில்லை. திரும்பிப் பார்த்தால் சுவரில் தங்கையாவின் ஃபோன் தொங்குகிறது. சார்ஜ் தீர்ந்துபோய், அண்ணன் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தன் சார்ஜரைச் செருகிவிட்டுப் பந்தல்காரரைப் பார்க்கப் போய்விட்டான். ஃபோன்தான் அவனுக்குத் தெரிந்திருக்கிறது, வயர் எங்கே போகிறது என்று பார்க்கவில்லை. இந்த ஹாலில் இருப்பது ஒரே ஒரு பிளக். இன்னும் இரண்டு வையுங்கள், ஈபிக்காரர் வீடு என்று வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது என்று நான் சொல்லாத நாள் இல்லை. ஒரு ரூமுக்கு ஒரு பிளக் போதும், கண்டதையும் மாட்டி வச்சா கேபிள் சூடேறும் என்று கடைசிவரை பிடிவாதம். அந்தப் பிடிவாதம்தான் இப்போது பெட்டியை நிறுத்தியிருக்கிறது. ஜாய்ஸ் காப்பி போட உள்ளே போயிருக்கிறாள். வாசலில் சேர் இழுக்கிற சத்தம். நான் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும், தங்கையா, பிளக்க மாத்து என்று. சொல்லவில்லை. எழுந்தேன். மூடி கனமாக இருக்கும் என்று நினைத்தேன், இல்லை, அரிசி டின் மூடிதான். தூக்கிவிட்டேன்.

இதோ இருக்கிறீர்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தது யாரோ, இது நீங்கள். தாடையில் கட்டியிருந்த துணி நழுவி வாய் கொஞ்சம் திறந்திருக்கிறது, குறட்டை விடுவதற்கு முன்னால் திறக்குமே, அந்த அளவு. முந்தாநாளிலிருந்து ஷேவ் பண்ணாத வெள்ளை முள். காது மடலில் முடி, வெட்டிவிடுகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். கையைப் பிடித்தேன், சில்லென்று இருக்கிறது, ஐயோ இப்படிக் குளிருதே என்று நான் என் கைக்குள் வைத்துத் தேய்த்தேன், தேய்த்தால் சூடேறாது என்று தெரியும், தேய்த்தேன். கட்டைவிரலில் அந்தக் கீறல் இருக்கிறது, காப்பிப் பொடி வைத்தது, தோலுக்கடியில் இன்னும் கொஞ்சம் கறுப்பாக. இந்தக் கைதான் வெந்நீரைப் பதம் பார்த்தது. இந்தக் கைதான் முதல்நாள் என் கையைப் பிடிக்கத் தயங்கி, மணி என்ன என்று பார்க்கிற மாதிரி நடித்தது. நன்றிங்க. இப்போது வாய்விட்டே சொல்கிறேன், யாருக்குக் கேட்டாலும் கேட்கட்டும். அம்மாவுக்கு வெந்நீர் போட்டதற்கு நன்றி. என்னை ஒருநாளும் கை நீட்டி அடிக்காததற்கு நன்றி. மப்ளருக்கும், ஒற்றைப் பிளக்குக்கும் நன்றி.

ஃபோன் அடித்தது. சுவரோரம் தொங்கின தங்கையாவின் ஃபோனில் ஜெபாவின் முகம். வயர் எட்டவில்லை, நான் பெட்டியின் தலைமாட்டில் தரையில் உட்கார்ந்துகொண்டு எடுத்தேன். பிள்ளை கண்ணெல்லாம் வீங்கி, பின்னால் திறந்த சூட்கேஸ்.

"அம்மா, மருந்து போடுத ஆளு வந்துட்டாரா?"

"இன்னும் இல்லப்பா. ஜெபா, ஒங்கப்பாக்கு ஊசின்னா ஆகாதேப்பா."

 அப்புறம் மூக்கால் சிரிக்கிற மாதிரி ஒரு சத்தம். "சோடா," என்றான். சிரிப்பு அப்படியே உடைந்து அழுகையாகிவிட்டது. "எனக்கு அப்பா மொகத்த பாக்கணும்மா."

"இந்தா பாரு." ஃபோனைத் திருப்பி உங்கள் முகத்துக்கு நேரே பிடித்தேன். என் கை உங்கள் நெற்றிமேல் இருந்தது. "நல்லா பாரு. சனிக்கிழம வரைக்கும் வச்சா செல்லையா மாமா மாதிரி ஆக்கிருவாங்க. மொகம் இருக்கும். இப்படி இருக்க மாட்டாவ."

நெடுநேரம் அவன் பார்த்தான். எனக்குக் கை வலித்தது, நான் அசைக்கவில்லை. முடியாதும்மா என்று அவன் சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன், எனக்கு அப்பா வேணும், வச்சிருங்க என்று சொல்லிவிட்டால். சொன்னால் வைத்துத்தான் ஆக வேண்டும், அவனும் பிள்ளை. இதற்குமேல் எனக்குப் பேசத் தெரியாது.

"ஏம்மா," என்றான். "அப்பாவ குளிப்பாட்டியாச்சா?"

"இல்லப்பா. ஆஸ்பத்திரியில தொடச்சி விட்டுட்டாங்க."

"வெந்நீ ஊத்தி குளிப்பாட்டுங்கம்மா. அப்பாக்குப் பச்சத்தண்ணி ஆகாதுல்லா."

 என் அம்மா சாகும்போது இவன் பிறக்கவே இல்லை. இந்தக் கதையை யாரும் இவனிடம் சொன்னதும் இல்லை, நான் சொல்லவில்லை, நீங்கள் சொல்லியிருக்கவே மாட்டீர்கள். யாரிடமிருந்து வந்தது இந்த வார்த்தை? அதே இழுப்பு, அதே ல்லா. காலையிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது. ஃபோனை மடியில் போட்டுவிட்டு அழுதேன். மடிக்குள்ளிருந்து அவன் அம்மா அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"இன்னைக்கே அடக்கம் பண்ணிருங்கம்மா," என்றான். "நான் வந்து..."

"மண்ணு ஈரம் காயுததுக்குள்ள வந்துரு. நான் ஒங்கூட வாறேன். ரெண்டு பேருமா போய் உக்காருவோம்."

தங்கையா உள்ளே வந்தவன் திறந்த மூடியைப் பார்த்தான், பிளக்கைப் பார்த்தான், தலையில் கை வைத்துக்கொண்டான். "ஐயோ மைனி, நான்தான், பாக்கலியே, பாவி நான்!" நல்ல காரியம் செஞ்ச தம்பி, என்றேன், அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. சொன்னேன். மகன் வராம எப்படி மைனி, ஊரு என்ன சொல்லும், தகவலெல்லாம் போயிட்டே, என்றான். மகன்ட்ட பேசு, என்று ஃபோனைக் கொடுத்தேன். பேசினான், கேட்டான், அப்புறம் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, சரிப்பா, சரிப்பா, அண்ணன் சொன்ன மாதிரியே செஞ்சிருதேன், என்றான். அண்ணன் எங்கே சொன்னார். நான் திருத்தவில்லை. மருந்துக்காரர் பையோடு வந்து வாசலில் நின்றார், நல்ல முகம், வெயிலில் வந்திருக்கிறார். வேண்டாம்னு முடிவு பண்ணிட்டோம் தம்பி, இருந்து காப்பி குடிச்சிட்டுப் போங்க, என்றேன். அவர் கோபிக்கவில்லை. உள்ளே எட்டிப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, ஜாய்ஸ் கொடுத்த காப்பியை நின்றபடியே குடித்தார்.

அதற்குள் நான் அடுக்களைக்குள் போயிருந்தேன். அந்தப் பழைய குண்டான் பரணில் இருந்தது, தங்கையாவே ஏறி எடுத்துக் கொடுத்தான். அடுப்பில் வைத்து, தண்ணீர் நிரப்பி, தீயைக் கூட்டினேன். ஜாய்ஸ் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, எவ்வளவு சூடுக்கா, என்றாள். இரு, என்றேன். கையை விட்டுப் பார்த்தேன், பத்தாது. இன்னும் கொஞ்சம். ஹாலில் அவர்கள் உங்களைப் பெட்டியிலிருந்து தூக்கத் தயாராக நிற்கிறார்கள், மைனி சொல்லுங்க, மைனி சொல்லுங்க, என்று தங்கையா குரல். திரும்பக் கையை விட்டேன். முழங்கை வரைக்கும் இதமாக ஏறியது.

பதம் வந்துட்டு தம்பி, என்று அங்கே கேட்கும்படி சொன்னேன். இறக்குங்க.